மலையில இருக்கறவங்க நம்பி ஏறி நிக்கிற மாதிரி ஒரு எடை மெஷின் வாங்குறது எப்படி

அம்மாவுக்கு இதயம் கொஞ்சம் வீக்கா இருக்குனு சொல்லி டாக்டர் நீர் மாத்திரை எழுதிக் குடுத்தப்ப கூடவே எனக்கு ஒரு வேலையும் குடுத்தார், தினமும் காலையில அம்மாவோட எடையப் பாத்து நோட்டுல எழுதணும், ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேலயோ ஒரு வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேலயோ ஏறுச்சுன்னா உடனே போன் பண்ணணும்னு. அப்படி திடீர்னு ஏறுறது சதை இல்ல, உடம்புல தங்குற தண்ணி. கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பல நேரம் எடையில தெரிஞ்சிடும். (இது எங்க அம்மாவுக்குச் சொன்ன கணக்கு. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா அவங்க டாக்டர் என்ன அளவு சொல்றாரோ அதத்தான் வச்சுக்கணும்.)

எடை மெஷின்தானே, அதுல என்ன இருக்குனு நெனச்சு முதல்ல கண்ணுல பட்டத வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப வீட்டுல ஓடுறது மூணாவது மெஷின். நடுவுல பட்ட அவஸ்தையில தெரிஞ்சுக்கிட்டத எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன். நீலகிரியில கோத்தகிரி, குன்னூர், ஊட்டினு எங்க இருந்தாலும் நமக்கு இருக்குற குளிரும் மஞ்சும் ஒண்ணுதான், கீழ கோயமுத்தூர்ல இருக்கறவங்க எழுதுறதப் படிச்சிட்டு வாங்கினா நமக்குப் பாதி சரியா வராது.

முதல் மெஷின் வந்த அன்னிக்கு அம்மா ஏறி நின்னாங்க, 54.8. இறங்கி ஒரு நிமிஷம் கழிச்சு ஏறினாங்க, 56.1. மெஷின கொஞ்சம் நகர்த்தி வச்சு ஏறச் சொன்னேன், 53.9. அம்மா முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. சாயங்காலம் எடை போடுற எடத்துல தராசு ஒரு கிலோ கம்மியா காட்டினா அன்னிக்கு கூலியில அது தெரியும், அதனால சந்தேகம் வந்தா சாக்க இறக்கி மறுபடி வைக்கச் சொல்லுவாங்களாம், ரெண்டு தடவையும் ஒரே எடை வரலைன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்களாம். அதே பழக்கத்துல மெஷின விட்டு இறங்கி, "இதுல போட்டா நான் என் கொழுந்தக் குடுக்கமாட்டேன் பாப்பா, வேற பாரு"ன்னாங்க. எடை மெஷின் வாங்குறவங்க மொதல்ல பாக்க வேண்டியது இந்த ஒண்ணுதான். அதே ஆள் ரெண்டு நிமிஷத்துக்குள்ள மூணு தடவ ஏறி இறங்கினா மூணு தடவையும் ஒரே எண் வரணும், மிஞ்சிப் போனா நூறு இருநூறு கிராம் வித்தியாசம் இருக்கலாம். அரைக் கிலோ ஒரு கிலோனு ஆடுற மெஷின் எவ்வளவு சீப்பா கெடச்சாலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் இதுல புரிஞ்சுக்கணும். உங்க உண்மையான எடைய விட மெஷின் நானூறு கிராம் கூடக் காட்டுதுன்னு வைங்க, அது தினமும் அதே நானூறு கிராம்தான் கூடக் காட்டுதுன்னா நமக்கு ஒரு கஷ்டமும் இல்ல, ஏறுதா இறங்குதானு கரெக்டா தெரிஞ்சிடும். இன்னிக்கு நானூறு கூட, நாளைக்கு ஐநூறு கம்மின்னு காட்டுறதுதான் ஆபத்து. நேத்து 55.2 இன்னிக்கு 56.4ன்னா நான் டாக்டருக்கு போன் பண்ணணுமா, மெஷின திட்டணுமா? ரெண்டு மூணு காலை இப்படிப் பதறியிருக்கேன், ஒரு தடவ வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போய், அங்க போட்டா எடை ஏறவே இல்ல.

டப்பாவுல '50 கிராம் துல்லியம்'னு போட்டிருக்குறத நம்பி ஏமாறாதீங்க. அது என்னன்னா எண் 50 கிராம் 50 கிராமா மாறும், அவ்வளவுதான். 55.20க்கு அடுத்து 55.25 காட்டும். அது உண்மையான எடையானு அதுல எங்கயும் சொல்லல. நூறு கிராம் படிக்கட்டுல ஓடுற நல்ல மெஷின் அம்பது கிராம் காட்டுற மட்டமான மெஷின விட எவ்வளவோ மேல்.

உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நெறைய விஷயம் புரியும். டிஜிட்டல் மெஷின கவுத்துப் பாத்தா நாலு மூலையில நாலு கால் இருக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு கால் மேலயும் ஒரு சின்ன இரும்புத் தகடு, நாம ஏறினா அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதுமேல ஒட்டியிருக்குற மெல்லிசான சென்சார்ல மின்தடை மாறும், நாலு கால்லயும் வர்றத கூட்டித்தான் எடை காட்டுது. அப்ப நாலு காலும் கெட்டியான சமமான தரையில ஒக்காரணும். நம்ம ஊர்ல குளிருக்காக ஹால் பூரா கார்பெட் இல்லன்னா பாய் போட்டிருப்போம், பழைய வீடுகள்ல மரப்பலகைத் தரை, மிதிச்சா லேசா அமுங்கும், எஸ்டேட் லைன் வீடுகள்ல சிமெண்ட் தரை மேடும் பள்ளமுமா இருக்கும். இது எதுலயும் சரியா காட்டாது. வீட்டுல டைல்ஸோ ரெட் ஆக்சைடோ போட்ட ஒரு எடம் பாருங்க, இல்லன்னா ஒன்றரைக்கு ஒன்றரை அடியில ஒரு கடப்பாக்கல் துண்டு வாங்கி ஆடாம படிய வச்சு அதுமேல நிரந்தரமா மெஷின வச்சிடுங்க. வயசானவங்க தடுக்காத மாதிரி சுவரோரமா வைக்கணும்.

நிரந்தரமானு சொன்னது சும்மா இல்ல. ஏறினதும் தானா ஆன் ஆகுற மெஷின்கள்ல நெறைய, நகர்த்தினா பழைய ஜீரோவ விட்டுடும். அதனால தூக்கி வேற எடத்துல வச்சா மொதல்ல ஒரு தடவ கால்ல அமுத்தி விட்டுட்டு 0.0 வந்து அணையுற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் ஏறணும், முதல் எண்ண கணக்குல எடுக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில செங்குத்தா சாத்தி வச்சுட்டு காலையில எடுத்துப் போட்டு நேரா ஏறினா வர்ற எண் பல நேரம் தப்பு. எங்க முதல் மெஷினுக்கு இப்படியும் ஒரு சான்ஸ் குடுத்துப் பாத்தேன், அது அப்பவும் ஆடுச்சு.

இப்ப ரொம்ப முக்கியமானது. சில மெஷின்ல ஒரு ஞாபகத் தந்திரம் இருக்கு. போன தடவ காட்டின எடைக்குப் பக்கத்துல, இருநூறு முன்னூறு கிராமுக்குள்ள வந்தா புதுசா அளந்தத காட்டாம பழைய எண்ணையே திரும்பக் காட்டும். கடையில மூணு தடவ ஏறிப் பாத்தா மூணு தடவையும் அச்சு அசலா ஒரே எண், அடடா என்ன மெஷின்டானு வாங்கிட்டு வந்துடுவோம். மேல நான் சொன்ன மூணு தடவ டெஸ்ட்ட மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றது இதனாலதான். அம்மா மாதிரி ஆளுக்கு இது இன்னும் மோசம், தினம் இருநூறு கிராம் மெதுவா ஏறிட்டு இருக்கும், மெஷின் நேத்து எண்ணையே காட்டிட்டு இருக்கும். கண்டுபிடிக்க ஈஸி வழி: ஏறி எடை பாருங்க, இறங்குங்க, முழுசா அணையட்டும், அப்புறம் கால் லிட்டர் தண்ணி இருக்குற பாட்டில கையில பிடிச்சுட்டு ஏறுங்க. கால் கிலோ கூடணும், பாட்டிலோட எடையும் சேத்து 0.2ல இருந்து 0.3 வரைக்கும். கொஞ்சம்கூட மாறாம பழைய எண்ணே வந்தா அது தந்திர மெஷின். அரை லிட்டர் பாட்டில்லயும் ஒரு தடவ பாருங்க. ஏற்கனவே அந்த மாதிரி ஒண்ணு வீட்டுல இருந்தா தூக்கிப் போட வேண்டியதில்ல, ஒவ்வொரு தடவையும் நடுவுல வேற எடையுள்ள ஒருத்தர் ஏறி இறங்கிட்டா அது பழச மறந்துடும்.

சரி, அது காட்டுற எண் உண்மையானு எப்படித் தெரிஞ்சுக்கறது? எங்க வீட்டுல கிரைண்டர் வந்ததுல இருந்து ஆட்டுக்கல் பின்னாடி சும்மா கெடந்துச்சு. அதோட குழவிய நல்லா கழுவித் துடைச்சு காயவச்சு, பச்சை இலை எடை போடுற எடத்துக்கு எடுத்துட்டுப் போய் அங்க இருக்குற எலக்ட்ரானிக் தராசுல வைக்கச் சொன்னேன். வியாபாரத்துக்கு வச்சிருக்குற தராசு எதுவா இருந்தாலும் எடையளவுச் சட்டப்படி பரிசோதிச்சு முத்திரை போட்டிருக்கணும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் போடணும், நம்ம மாநிலத்துல தொழிலாளர் துறைதான் அதப் பாக்குது. முத்திரை இருக்கானு பாத்துட்டுதான் வச்சேன். 11.450 கிலோ. அதை குழவியோட மண்டையில பெயிண்ட்ல எழுதிட்டேன். கருங்கல்லு, மழையில ஊறாது, வெயில்ல காயாது, அதான் எனக்கு இது பிடிச்சது. மணல் மூட்டை, செங்கல் எல்லாம் நம்ம மஞ்சுல ஈரம் வாங்கி எடை மாறிடும்.

குழவிய நேரா மெஷின் மேல வைக்காதீங்க, கண்ணாடி மெஷின்னா தெறிச்சிடும், சில மெஷின் சின்ன எடைக்கு முழிக்கவே முழிக்காது. நீங்க மட்டும் ஏறி ஒரு எண் எழுதுங்க, அப்புறம் குழவிய நெஞ்சோட அணைச்சுட்டு ஏறி இன்னொரு எண் எழுதுங்க, கழிச்சுப் பாருங்க. எனக்கு இப்ப இருக்குற மெஷின்ல 62.3, குழவியோட 73.8, வித்தியாசம் 11.5. முதல் மெஷின்ல குழவியோட ஏறினப்ப 75.0, அதாவது கிட்டத்தட்ட பன்னெண்டே முக்கால் கிலோ குழவி! இந்த டெஸ்ட்ட வயசானவங்கள பண்ணச் சொல்லாதீங்க, முதுகு வலி இருக்கறவங்களும் வேண்டாம், கால்ல போட்டுக்காதீங்க.

குழவி இல்லாதவங்களுக்கு தண்ணி இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்ட கையில பிடிச்சு ஏறினா பத்து கிலோவும் கேன் எடை கொஞ்சமும் கூடணும். 26 கிலோ அரிசி மூட்டைய வச்சு சிலர் பாக்கறாங்க, அது தோராயமா ஓகே, ஆனா பாக்கெட் சரக்குல கொஞ்சம் கூடக் கொறைய இருக்க சட்டமே எடம் குடுக்குது, அதனால மெஷின குத்தம் சொல்ல அது சாட்சி ஆகாது.

ஊட்டி உயரத்துல புவியீர்ப்பு கம்மி, அதான் மெஷின் தப்பா காட்டுதுன்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட சொன்னார். உயரத்துக்கு புவியீர்ப்பு குறையுறது உண்மைதான், ஆனா ஊட்டி 2,240 மீட்டர், அந்த உயரத்துனால 60 கிலோ ஆளுக்கு வர்ற வித்தியாசம் 50 கிராம்கூட இல்ல. நம்ம மெஷினோட ஒரு படிக்கட்டுல பாதி. ஒரு கிலோ ரெண்டு கிலோ தப்புக்கு மலை மேல பழி போட முடியாது.

மலை பண்ற கெடுதல் வேற எடத்துல இருக்கு. ஒண்ணு குளிர். டிசம்பர் ஜனவரியில உறைபனி விழுற நாள்ல விடியக்காலம் தரை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்தத் தரையில ராத்திரி பூரா கெடந்த மெஷின்ல பேட்டரி சோர்ந்து போயிடும், குறிப்பா காசு மாதிரி இருக்குற சிஆர் 2032 பட்டன் செல். காலையில 'லோ'னு காட்டும் இல்ல எண் மங்கலா வரும், மத்தியானம் வெயில் வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நல்லா வேலை செய்யும். டிரிபிள் ஏ செல் போடுற மெஷினா பாத்து வாங்குங்க, ஓரளவு தாங்கும், நம்ம ஊர் பெட்டிக்கடையிலயும் கெடைக்கும். பட்டன் செல் தீந்துட்டா சின்ன ஊர்ல அலையணும், அதுவுமில்லாம வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா பட்டன் செல் முழுங்கிடுற பயம் வேற.

ரெண்டாவது ஈரம். பேரு பாத்ரூம் ஸ்கேல், ஆனா பாத்ரூம்ல மட்டும் வைக்கவே கூடாது. சுடுதண்ணி ஆவியும் வெளிய இருக்குற மஞ்சும் சேந்து உள்ள வேர்த்துடும். என் ரெண்டாவது மெஷின் இப்படித்தான் போச்சு. ஐப்பசி மழையில ஒரு வாரம் வெயிலே இல்ல, ஒரு நாள் காலையில அம்மா எடை 56ன்னு காட்டுச்சு, ரெண்டு கிலோ எறங்கிடுச்சேனு பயந்துட்டேன், நீர் மாத்திரை ஜாஸ்தி ஆயிடுச்சோனு. டார்ச் அடிச்சு கிட்ட போய் பாத்தா எட்டோட வலது பக்கம் மேல இருக்குற கோடு மட்டும் எரியல. 58தான் அது, 56 மாதிரி தெரிஞ்சிருக்கு. செல் போடுற மூடியத் தொறந்தா கம்பி எல்லாம் பச்சைப் பூத்து கெடந்துச்சு. அதுல இருந்து ஹால்லதான் மெஷின், மழை மாசத்துல வாரம் ஒரு தடவ செல் மூடியத் தொறந்து காஞ்ச துணியில தொடச்சு விடுறேன், ரொம்ப நாள் ஊருக்குப் போனா செல்லக் கழட்டி வச்சிட்டுப் போறேன்.

அந்த ரெண்டாவது மெஷின் கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணின்னு பத்துப் பன்னெண்டு கணக்கு சொல்ற வகை. தேவையில்லாதவங்க அதுல காசு போடாதீங்க. ஒரு பாதத்துல இருந்து இன்னொரு பாதத்துக்கு ரொம்பச் சின்ன அளவு கரண்ட் அனுப்பி, அது எவ்வளவு தடைபடுதுன்னு பாத்து, உங்க உயரம் வயசு எல்லாம் போட்டு ஒரு ஊகம் சொல்லுது, காலையில தண்ணி குடிச்சாலே எண் மாறும். வெறுங்கால்ல நின்னாதான் அந்தக் கணக்கு வரும், ஜனவரியில வயசானவங்கள கண்ணாடி மேல வெறுங்கால்ல நிக்க வைக்கிறது பெரிய பாவம். இன்னொண்ணு, பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க இந்த வகை மேல ஏறவே கூடாது, அந்த கரண்ட் அதைக் குழப்பலாம்னு மெஷின் புக்லயே போட்டிருப்பாங்க, எங்க அம்மா மாதிரி இதய நோயாளி இருக்குற வீட்டுல இத மொதல்ல பாருங்க. எடை மட்டும் காட்டுற மெஷினுக்கு சாக்ஸோட ஏறினாலும் ஒண்ணும் இல்ல, ஆனா கண்ணாடியில சாக்ஸ் வழுக்கும், மேல ரப்பர் இல்ல சொரசொரப்பு இருக்குற மாடல் பாருங்க.

முள்ளு ஓடுற பழைய ஸ்பிரிங் மெஷின் பேட்டரி இல்லாம ஓடும், பொதுவா எவ்வளவு இருக்கோம்னு தெரிஞ்சுக்கப் போதும். ஆனா அதுல பெரும்பாலும் ஒரு கிலோ அரைக் கிலோ கோடுதான் இருக்கும், குனிஞ்சு பாக்குற கோணத்துக்கு ஒரு எண் தெரியும், ஸ்பிரிங் நம்ம ஈரத்துக்கு துரு ஏறும். தினசரி கணக்கு வைக்க அது ஆகாது.

வாங்குறப்ப கடையா ஆன்லைனானு கேட்டா, முடிஞ்சா கடையில ஏறிப் பாத்து வாங்குங்க. பையில ஒரு கால் லிட்டர் பாட்டில் எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டார். மேடை அகலமா இருக்கா, ரெண்டு பாதமும் ஓரத்துல படாம நிக்குதா, ஒரு மூலையில மிதிச்சா கவுறுதா, நின்ன எடத்துல இருந்து மூக்குக்கண்ணாடி இல்லாம எண் தெரியுதானு பாருங்க. 150 கிலோ வரைக்கும் தாங்குறது பெரும்பாலான வீட்டுக்குப் போதும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா மொதல்ல உங்க பின்கோடுல இருந்து திருப்பி எடுத்துக்குவாங்களானு பாத்துடுங்க, கொண்டு வந்து குடுக்குறாங்க, திருப்பி எடுக்க வரமாட்டேங்கறாங்க, எனக்கு அதுல முழுப் பணமும் போச்சு. மழையில மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிஞ்சா திருப்பி எடுக்குற ஆள் வர்றதுக்குள்ள அந்த ஏழு பத்து நாள் கெடுவும் தாண்டிடும், அதனால பார்சல் வந்த அன்னிக்கே பிரிக்குறத வீடியோ எடுத்து, பாட்டில் டெஸ்ட்டும் குழவி டெஸ்ட்டும் அன்னிக்கே பண்ணுங்க, தப்பா காட்டுறதயும் வீடியோ எடுங்க. விமர்சனம் படிக்கும்போது வாங்கின அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போட்டத விட்டுட்டு ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு எழுதினவங்கள தேடிப் படிங்க.

வாங்கினதும் மெஷின கவுத்து அடியில இருக்குற யூனிட் பட்டன் எங்கன்னு பாத்து வச்சுக்கோங்க. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப் பெருக்குறப்ப தூக்கி வச்சதுல அது அமுங்கி பவுண்டுக்கு மாறிடுச்சு, அடுத்த நாள் 121ன்னு வந்து நின்னுச்சு. ஒரு கிலோ 2.2 பவுண்டு, 121ஐ அதால வகுத்தா 55, எடை மாறவே இல்ல. இப்ப அந்த பட்டன் மேல ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கேன்.

எடை பாக்குற முறையில நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சினை ஸ்வெட்டர். ஸ்வெட்டர், உள்ள ஒரு பனியன், சால்வை, குல்லா எல்லாம் சேந்து எங்க வீட்டுல ஒன்றே கால் கிலோ வந்துச்சு, அதாவது டாக்டர் போன் பண்ணச் சொன்ன அளவ விட கூட! ஒரு நாள் சால்வையோட ஒரு நாள் சால்வை இல்லாம நின்னா கணக்கு நாசம். அதனால காலையில எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வந்ததும், காபி குடிக்கறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி நைட்டியோட, ஸ்வெட்டர் சால்வை கழட்டிட்டு ஏறணும். ஹீட்டர் இருந்தா பக்கத்துல போட்டுடுங்க, இல்லன்னா நான் பண்ற மாதிரி அவங்க ஏறுற வரைக்கும் சால்வைய கையில பிடிச்சுட்டு நின்னு இறங்கினதும் போத்தி விடுங்க. ஏறுறப்ப சுவத்தையோ நாற்காலியையோ பிடிச்சுக்கலாம், ஆனா எண் வர்ற ரெண்டு மூணு செகண்டு கைய எடுக்கணும், பிடிச்சிருந்தா எடை குறைச்சுக் காட்டும். கை விட முடியாத அளவுக்கு தள்ளாட்டம் இருக்கறவங்கள இதுல நிக்க வைக்காதீங்க, உக்காந்து எடை பாக்குற நாற்காலி மெஷின் சில ஆஸ்பத்திரியில இருக்கும், கேட்டுப் பாருங்க.

மாசம் பொறந்தா ஒண்ணாந் தேதி குழவி டெஸ்ட் ஒரு தடவ, செல் மாத்தினா அன்னிக்கு ஒரு தடவ. நோட்டுல அம்மா எடைக்குப் பக்கத்துலயே 'குழவி 11.5'னு சின்னதா எழுதி வைப்பேன், போன தடவ டாக்டர் நோட்டப் பாத்துட்டு இது யாருன்னு கேட்டார், சொன்னதும் அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துக்கிட்டார்.